ஓட்டுநரின் புது மாத்திரைகள்

மார்ச் 4
பேருந்து ஓட்டுநருக்கு இரண்டாவது முறையாக ரத்தத்தில் ஹெச்.ஐ.வி. வைரஸ் எண்ணிக்கை ஏறியிருக்கிறது. ஒன்பது வருடமாக என்னிடம் வருகிறவர். மாத்திரையைத் தவறவிட்டீர்களா என்று மூன்று விதமாகக் கேட்டேன், இல்லை என்றார். நான்காவதாக முறைத்தேன். அசரவில்லை. "சிக்னலையே தாண்டாதவன் டாக்டரம்மா, மாத்திரையத் தாண்டுவேனா?"

மார்ச் 11
அவர் மனைவி போன வருடக் காலண்டரோடும் இந்த வருடக் காலண்டரோடும் வந்தார். மாத்திரை போட்ட தேதிக்கெல்லாம் டிக். ஒரே மூச்சில் போட்டதோ என்று மையின் நிறத்தைக்கூடப் பார்த்தேன். பெரிய துப்பறிவாளர் நான்! இரண்டு காலண்டரையும் வாங்கி வைத்துக்கொண்டு, எந்த மருந்துக்கு வைரஸ் அடங்கவில்லை என்று காட்டும் பரிசோதனைக்கு ரத்தம் அனுப்பினேன்.

ஏப்ரல் 9
பரிசோதனை முடிவு வந்தது: அவர் போடும் மூன்று மருந்தில் இரண்டு இனி பலிக்காது. இடையில் மருந்து விட்டுப்போனால் இப்படி ஆகலாம். பார்த்தாயா, நினைத்தது சரிதான் என்று காலண்டரைப் புரட்டினேன். போன வருடம் பதினெட்டு நாள் டிக் இல்லை. ஓரத்தில் பொடி எழுத்து: 'ஆஸ்பத்திரியில ஸ்டாக் இல்ல.'
எங்கள் ஆஸ்பத்திரி. அடுத்த வாரம் வாங்க என்று திருப்பி அனுப்பியது யார்? நான்தானே.

ஏப்ரல் 10
மன்னிப்புக் கேட்டேன். "டீசல் இல்லாம என் வண்டியும் நின்னிருக்கு. திட்டினவங்கதான் மறுநாளும் ஏறினாங்க" என்றார். பிறகு, சிரிக்காமல்: "எனக்கு இன்னும் மருந்து இருக்கா?"
இருக்கிறது என்றேன்.

ஏப்ரல் 14
அரை மணி நேரம் அவருடைய டியூட்டி அட்டையோடு மல்லுக்கட்டினேன். புது மருந்தில் ஒன்றைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும். இவரோ ஒன்பது மணி வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத மகான். இன்னொன்றின் பக்கத்தில் நெஞ்செரிச்சல் மாத்திரை வரக்கூடாது. அதைக் கடலை மாதிரி மெல்லுகிறார். கடைசியில் காலை ஒன்பது, இரவு ஒன்பது, இரண்டும் சாப்பாட்டோடு என்று முடிவாயிற்று. கடலை மதியத்துக்கு மட்டும். மூன்று மாத மருந்தை முன்கூட்டியே கொடுத்தேன்.

ஏப்ரல் 22
புது மாத்திரையால் வயிற்றுப்போக்காம். நிறுத்தட்டுமா என்று கேட்கவில்லை. எந்தப் பேருந்து நிலையத்தில் கழிப்பறை சுத்தம் என்று போனில் பட்டியல் சொன்னார்.

ஜூலை 17
கருவிக்குத் தெரியாத அளவுக்கு வைரஸ் குறைந்துவிட்டது. தாளை மூன்று தடவை படித்தேன்.

அடுத்த வருடம், பிப்ரவரி 6
வரிசையில் யாரும் வம்பளக்கவில்லை, யாரும் என்னைச் சீண்டவில்லை. ஓட்டுநர் வரலையா என்று கேட்டே விட்டேன். சிஸ்டர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவருக்கு இப்ப ஆறு மாசத்துக்கு ஒருக்காதானே டாக்டர். நீங்கதான எழுதினீங்க."