வாளி வார்க்கும் இயந்திரத்தின் பாதுகாப்புக் கதவு

அனுப்புநர்:
அ. மரியகொரட்டி,
கீழ்ப் பிரிவு லயம், செம்பாறைத் தோட்டம்,
ஹல்துமுல்லை.

பெறுநர்:
தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளர் அவர்கள்,
தொழில் அலுவலகம், பதுளை.

பொருள்: பிளாஸ்டிக் வாளி வார்க்கும் இயந்திரத்தைப் பாதுகாப்புக் கதவு திறந்தபடியே ஓட்டுவதை நிறுத்தக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. ஹல்துமுல்லைக்கு அண்மையிலுள்ள பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இயந்திரம் இயக்குபவளாக வேலை செய்கிறேன். எங்களில் பலர் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு இங்கே வந்தவர்கள். மழையும் அட்டைக்கடியும் இல்லாத இந்த வேலை எங்களுக்குப் பிடித்திருக்கிறது என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

2. உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் செலுத்தி வாளியாக்கும் எங்கள் இயந்திரத்துக்கு முன்னால் ஒரு கதவு உண்டு. அதைச் சாத்தினால்தான் அச்சு மூடும், திறந்தால் நின்றுவிடும். வாளி ஆறும்வரை பொறுத்தால் அது தானாகவே கழன்று விழும், உள்ளே கைவிடத் தேவையில்லை என்று இயந்திரத்தைப் பொருத்த வந்தவர் எங்களுக்குக் காட்டிவிட்டுப் போனார். அவர் போன பிறகு எங்கள் மேற்பார்வையாளர் திரு. எட்வர்ட் ஆறவிடும் நேரத்தைக் குறைத்தார். வாளிகள் சூட்டோடு அச்சில் ஒட்டிக்கொண்டன. பாதி கோணலாக வந்தன. எல்லாவற்றையும் கையால் இழுத்தெடுக்க வேண்டியதாயிற்று. கதவைத் திறந்து சாத்துவதும் தாமதம் என்று, அதன் சுவிட்சை ஒரு நாடாவால் அழுத்திக் கட்டச் சொன்னார். அப்படிக் கட்டினால் கதவு திறந்திருந்தாலும் அச்சு மூடும்.

3. ஏன் கட்டினீர்கள் என்று தாங்கள் கேட்கலாம். எண்ணிக்கை குறைந்தால் "அரைப்பேருதான் போடுவேன்" என்றார் அவர். தோட்டத்தில் கொழுந்து நிறை குறைந்தால் அரைநாள் சம்பளம் மட்டும் எழுதுவதைத்தான் அரைப்பேர் என்போம். தொழிற்சாலையில் அப்படியொரு விதி கிடையாது. நாங்கள் மாதச் சம்பளக்காரர்கள். இருந்தும் ஒருவருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள்; காதில் விழுந்ததும் கை தானாகவே வேகமெடுத்துவிட்டது.

4. சென்ற மாதம், என் பக்கத்து லய வீட்டுப் பெண் துஷாந்தினி ஒட்டிய வாளியை இழுக்க உள்ளே கையை விட்டபோது அச்சு மூடிவிட்டது. வலக்கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. வைத்தியசாலையில் மயக்கம் தெளிந்ததும் அவர் என்னிடம் முதலில் கேட்டது, "அக்கா, அந்த வாளி கெட்டுப்போச்சா?" என்பதுதான். அவசரப்பட்டது அவருடைய பிழை என்று நிர்வாகம் சொல்கிறது.

5. அந்த இயந்திரம் இப்போதும் கதவு திறந்தபடியே ஓடுகிறது. வரும் திங்கட்கிழமை முதல் என்னை அதில் நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குமுன் தாங்கள் நேரில் வந்து பார்க்க வேண்டும். தயவுசெய்து சொல்லாமல் வரவும். முன்பே தெரிந்தால் அன்று ஒருநாள் மட்டும் கதவு நல்ல பிள்ளையாகச் சாத்தியிருக்கும். அதேவேளை தொழிற்சாலையை மூடிவிட வேண்டாம் என்றும் மன்றாடுகிறேன். இதை விட்டால் எங்களுக்குத் திரும்பவும் மலைதான். நாடாவை அவிழ்த்து, வாளி ஆறுவதற்கு உரிய நேரத்தைக் கொடுக்கும்படி தாங்கள் உத்தரவிட்டால் போதும்.

துஷாந்தினியும் இம்மனுவில் கையொப்பமிடுகிறார். இடக்கையால் எழுத இப்போதுதான் பழகுகிறார். எழுத்துக் கோணலாக இருப்பதைத் தாங்கள் பொறுத்தருள வேண்டும்.

இடம்: ஹல்துமுல்லை
திகதி: 12.06.2025

இங்ஙனம்,
அ. மரியகொரட்டி
இரா. துஷாந்தினி