கீறல் இல்லாத கடிகாரம்

மூத்தவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் நினைத்தேன். அதை முதலில் எழுதிவிட்டால் மற்றதை எழுத வராது. அதனால் சுகத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். நீ இதைத் தனியாக உட்கார்ந்து படி. உன் மனைவி பக்கத்தில் இருந்தால் அவள் எழுந்து போகும்வரை மடித்துப் பையில் வை.

போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் "அப்புறம் கூப்பிடறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். இந்த வருஷம் பதினொரு தடவை அப்படி வைத்திருக்கிறாய். திரும்பக் கூப்பிட்டது இரண்டு தடவை. கடிதத்தை அப்படி வைக்க முடியாது. ஐந்தாவதோடு நின்றவள் எழுத்து, கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். முகவரியை மட்டும் மருந்துக்கடைப் பெண் எழுதிக் கொடுத்தாள். கூரியரில் போட்டால் புதன்கிழமை உன் கையில் இருக்கும் என்றாள்.

உன் தம்பி மாடிக் குழாயை இன்னும் மாற்றவில்லை. சொட்டுச் சொட்டாக வாளி நிறைகிறது. சின்ன மருமகளுக்கு முட்டிவலி, மாடி ஏறுவதில்லை. நான் உன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய கம்பளியை உன் மனைவி காருக்குள் நாய்க்கு விரித்திருக்கிறாள் என்று போட்டோவில் பார்த்தேன். அதைப் பற்றி இப்போது எழுதப்போவதில்லை.

எலிப்பல் போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாள். அவளுக்கு அந்தப் பேரை வைத்ததே நீதான். அக்கா மகள் தூக்கச் சொல்லிக் கை நீட்டினால் "கிட்ட வராதே எலிப்பல், கடிச்சிடுவே" என்று ஓடுவாய். உன் அக்கா கண்ணை மூடியபிறகு இந்த வீட்டில்தான் வளர்ந்தாள். வளர்ந்து பல் கட்டுகிற வேலைக்கே போனாள், அதைச் சொல்லி இன்றைக்கும் சிரிக்கிறாள். மேஜை விளக்கின் கீழே குனிந்து, பொய்ப்பல்லுக்கு மெல்லிய தூரிகையால் மஞ்சள் தீட்டுகிறாள். ஏண்டி நல்ல வெள்ளைப் பல்லை அழுக்காக்குகிறாய் என்று ஒருதடவை கேட்டேன். "நிஜப் பல்லுல கறை இருக்கும் பாட்டி. ஒரு கறைகூட இல்லேன்னா பார்த்தவுடனே பொய்னு தெரிஞ்சிடும்" என்றாள். அதை நினைவில் வைத்துக்கொள். பிறகு அதற்கு வருகிறேன்.

அவள் வேலை செய்கிற பல்கூடத்தை முதலாளி அம்மாள் அவளுக்கே விலைக்குக் கொடுத்துவிடுகிறார்களாம். வேறு ஆளும் கேட்கிறான், ஆனால் இந்த மாதக் கடைசி வரை இவளுக்காகக் காத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குத்தான் அந்தக் கடிகாரத்தை விற்கப்போகிறாள்.

அந்தக் கடிகாரத்தின் கதை உனக்கும் தெரியும். கூட வேலை செய்கிற பெண்கள் நகை வாங்கியபோது இவள் வாங்கவில்லை. காசு வைத்திருந்தாலும் உடனே தரமாட்டான், பேர் எழுதி வைத்துக் காத்திருக்க வேண்டும் என்ற கடையில் இரண்டு வருஷம் காத்திருந்து வாங்கினாள். வருஷம் போகப் போக விலை ஏறுமாம், ஆனால் கட்டினால் குறையும், பெட்டியும் சீட்டும் தொலைந்தால் விலை குறையும், பளபளப்பாக்குகிறேன் என்று தேய்த்தால் அதுவும் குறையும் என்றாள். கட்டக்கூடாத கடிகாரம் எதற்கடி என்றேன். "இது மணி பார்க்க இல்ல பாட்டி, வருஷம் பார்க்க" என்றாள். அவள் இருப்பது மூன்று பேர் சேர்ந்து இருக்கிற அறை. பேங்க் லாக்கரில் வையேன் என்று உன் தம்பி சொன்னான். "லாக்கர் எதுக்கு மாமா? பாட்டி பீரோவுல ஒரு பொத்தான் நகர்ந்தாலும் பாட்டிக்குத் தெரியும்" என்று என்னிடம் கொடுத்தாள். ஏழு வருஷமாக என் பீரோவில் இருக்கிறது.

போன மாதம் பத்து நாள் வந்து தங்கினாயே, அந்தப் பீரோவுக்கு எண்ணெய் விட்டாய். கதவு கிறீச்சிடுகிறது, உனக்குத் தூக்கம் கெடுகிறது என்றாய். சின்ன வயதில் சாப்பிட்ட தட்டை எடுத்து வைத்தவன் இல்லை நீ. பிள்ளை திருந்திவிட்டானே என்று மருந்துக்கடை வரைக்கும் போய்ப் பெருமை பேசிவிட்டு வந்தேன். நீ ஊருக்குப் போன நாலாவது நாள் போர்வை எடுக்கப் பீரோவைத் திறந்தேன். சத்தமே இல்லை. முப்பது வருஷமாகக் கத்திக்கொண்டிருந்த கதவு வாயை மூடிக்கொண்டிருந்தது. எனக்கு என்னவோ போல் இருந்தது. பெட்டியை எடுத்தேன். அதே பச்சைப் பெட்டி, அதே சீட்டு, அதே கடிகாரம், ஓரம்கூடக் கலையாமல். பட்டையின் கொக்கியைத் திருப்பி உள்பக்கம் பார்த்தேன்.

மகனே, அங்கே ஒரு கீறல் இருக்க வேண்டும்.

இது யாருக்கும் தெரியாது, எலிப்பல்லுக்கும் தெரியாது. அவள் கொண்டுவந்து வைத்த முதல் மாதமே, வீட்டில் யாரும் இல்லாத நேரம், அவள் போடச் சொன்ன கையுறையைப் போடாமல் எடுத்துப் பார்த்தேன். இரண்டு வருஷம் காத்திருந்து வாங்குகிற அளவுக்கு அதில் என்னதான் இருக்கிறது என்று காதில் வைத்துக் கேட்டேன். என் வளையலில் கோத்திருந்த ஊக்கு கொக்கியின் உள்பக்கத்தில் இழுத்துவிட்டது. அரிசி நீளத்துக்கு ஒரு கீறல், நுனியில் கொஞ்சம் வளைந்திருக்கும். துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. சொன்னால் இனி என்னிடம் எதையும் தரமாட்டாளோ என்று வாயை மூடிக்கொண்டேன். ஏழு வருஷமாக அந்தக் கீறலை நான் மறக்கவில்லை. இப்போது அது இல்லை. எஃகில் விழுந்த கீறல் தானாக ஆறுமா? எலிப்பல் சொன்ன கறையில்லாத பல் மாதிரிதான் இதுவும்.

நீயும் ஒன்று வாங்கினாய். போன வருஷம் உன் மச்சான் வீட்டுக் கல்யாணத்தில், கை கழுவுகிற இடத்தில் நின்றுகொண்டு போனில் படம் காட்டினாய். "எலிப்பல் வாங்கினது மாதிரியே ஒண்ணும்மா, பாதி விலைக்கு, தெரிஞ்ச ஆள்கிட்ட" என்றாய். ஊதாச் சட்டை போட்டிருந்தாய். நான் என்ன கேட்டேன் என்பதும் நினைவிருக்கிறது. பாதி விலைக்கு ஏண்டா தருகிறான், அவனுக்கு மட்டும் வருஷம் பார்க்கத் தெரியாதா என்று கேட்டேன். "உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றாய். அதற்குப் பிறகு அந்தக் கடிகாரத்தைப் பற்றி நீ வாயைத் திறக்கவே இல்லை. ஏமாந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யார்தான் ஏமாறவில்லை? உன் ஏமாற்றத்தைக் கொண்டுவந்து அந்தப் பெண்ணின் பெட்டியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

அவள் ஞாயிற்றுக்கிழமை வந்து "பாட்டி, கடிகாரத்தை எடு, கடைக்காரர் பார்க்கணும்கிறார்" என்று கை நீட்டினாள். அந்தக் கடைக்காரர் சும்மா பார்க்கமாட்டாராம், முதுகுப்பக்கம் மூடியைக் கழற்றி, கண்ணில் கண்ணாடி மாட்டிக்கொண்டு உள்ளே பார்ப்பாராம். பொய் என்று தெரிந்தால் போலீஸிடமே சொல்வாராம். இவள் அதையும் பெருமையாகச் சொன்னாள், அவ்வளவு சுத்தமான கடையாம். சாவி என் இடுப்பில் இருந்தது. "சாவியை எங்கேயோ வைச்சிட்டேண்டி, நினைவில்லை" என்றேன்.

முதலில் சிரித்தாள். "யாரு, நீயா? நான் மூணாம் வகுப்புல தொலைச்ச ரப்பரு என்ன கலர்னு சொல்றவ நீ" என்றாள். நான் சிரிக்கவில்லை. அவள் முகம் மாறிவிட்டது. என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "பாட்டி, நான் யாரு சொல்லு" என்றாள். எலிப்பல் என்றேன். அழுதுவிட்டாள். அவளும் உன் தம்பியும் வீடு முழுக்கத் தேடினார்கள். அரிசி டப்பாவைக்கூடக் கொட்டிப் பார்த்தார்கள்.

மறுநாளே உன் தம்பி டாக்டரிடம் கூட்டிப்போனான். சின்னப் பையன் மாதிரி ஒரு டாக்டர். மூன்று சொல் சொல்கிறேன், கேட்கும்போது திருப்பிச் சொல்லுங்க என்றார். பாலம், எலுமிச்சை, சாவி. அடுத்துத் தாளைக் கொடுத்து ஒரு கடிகாரம் வரையுங்கள், பதினொன்று பத்து காட்ட வேண்டும் என்றார். எங்கே போனாலும் கடிகாரமே என்னைத் துரத்துகிறது. வட்டம் நன்றாகத்தான் வரைந்தேன். பெரிய முள்ளை எங்கே வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே வேறு இடத்தில் வைத்தேன். உன் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று சொல்லையும் கேட்டபோது இரண்டைச் சொன்னேன். மூன்றாவது வரவில்லை என்றேன். அவன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

இப்போது என்னைத் தனியாக அடுப்புப் பக்கம் விடுவதில்லை. என் பர்ஸில் உன் தம்பியின் போன் நம்பரைச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள், நான் வழி தவறிப்போனால் யாராவது கூப்பிடுவதற்கு. மருந்துக்கடைக்குக்கூட முட்டிவலியோடு சின்ன மருமகள் கூடவே வருகிறாள். அவள் மாத்திரை வாங்கத் திரும்பும் நேரத்தில்தான் இந்த உறையை அந்தக் கடைப் பெண்ணிடம் கொடுக்கப்போகிறேன்.

உன் அப்பாவின் ரேடியோ உனக்கு நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது. உனக்குப் பத்தொன்பது வயது. ரிப்பேருக்குக் கொடுக்கிறேன் என்று எடுத்துப்போனாய். ஒரு வாரம் கழித்துப் பார்வைக்கு அதே மாதிரி வேறொன்றைக் கொண்டுவந்து அதே பலகையில் வைத்தாய். அப்பாவின் ரேடியோவில் திருகு ஓரம் உடைந்திருக்கும். நீ கொண்டுவந்ததில் முழுசாக இருந்தது. அன்றைக்கே பார்த்துவிட்டேன். அவர் அடித்துவிடுவாரே என்று சொல்லவில்லை. அவர் சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வைத்துப் பார்த்தார். பாட்டு தெளிவாகக் கேட்கவில்லை, என் காது போய்விட்டது என்றார். காது டாக்டரிடம்கூடப் போனார், வயதானால் இப்படித்தான் என்று சொல்லி அனுப்பினார்கள். அதன் பிறகு ரேடியோவைத் தொடவே இல்லை. சாகும்வரை தன் காதைத்தான் நொந்துகொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் என்று தலையாட்டினேன். உன் மேல் எனக்குள்ள கோபத்தைவிட, என் மேல் எனக்குள்ள கோபம் பெரிது.

அன்றைக்கு அவர் காதைக் கொடுத்து உன்னைக் காப்பாற்றினேன். இன்றைக்கு என் புத்தியைக் கொடுத்திருக்கிறேன். இனி கொடுப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. எலிப்பல்லைக் கொடுக்கமாட்டேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பீரோவைத் திறக்கப் பூட்டுக்காரன் வருகிறான். எலிப்பல் லீவு போட்டுவிட்டு வருகிறாள். பெட்டியை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போவாள். அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்று உன் தம்பி உனக்குச் சொல்லியிருப்பான். அதையே சாக்காக வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை வந்துவிடு. அம்மாவைப் பார்க்க வந்தேன் என்று சொன்னால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். சாவி என் தலையணை உறைக்குள், தைத்த ஓரத்தில் இருக்கிறது. நான் குளிக்கப் போனால் எப்போதும்போல அரைமணி நேரம் ஆகும், போன மாதமும் அந்த நேரத்தில்தான் சாவியை எடுத்திருப்பாய். நீ என்ன செய்தாய் என்று கேட்கமாட்டேன். வெளியே வந்து கொக்கியின் உள்பக்கத்தை மட்டும் பார்ப்பேன்.

அவளுடைய அசல் கடிகாரத்தை வேறு யாரிடமாவது கொடுத்திருந்தால் மீட்டுக்கொண்டு வா. எப்படி என்று எனக்குத் தெரியாது. மீட்க முடியாவிட்டாலும் வா. வந்து அவள் முன்னால் நின்று உன் வாயால் சொல். நான் உன் பக்கத்தில் நிற்கிறேன், என் கீறலையும் சொல்லிவிடுகிறேன். நீ வராவிட்டால், பூட்டுக்காரன் கை வைப்பதற்கு முன்னால் நான் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். மறதிக்காரி உளறுகிறாள் என்று உன் தம்பி நினைத்தால், அந்த டாக்டரைக் கூப்பிட்டு மூன்றாவது சொல்லையும் சொல்வேன்.

மற்றபடி இங்கே எல்லோரும் சுகம். பேரப்பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்காராதே, உனக்குச் சளி பிடிக்கும். வெள்ளிக்கிழமை உனக்கும் சேர்த்துச் சோறு வைக்கச் சொல்லியிருக்கிறேன். யாருக்கு என்று சின்ன மருமகள் கேட்டாள். மறந்துவிட்டேன் என்றேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும். வந்துவிடு.

உன் அம்மா