படத்தில் வந்த கை

கல்மண்டபம்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஜானட்டுக்கு அம்மா எழுதுவது. மாதா தயவில் இங்கே இரண்டு பேருக்கும் உடம்பு பரவாயில்லை, அந்தக் குளிர் ஊரில் உனக்கும் இருமல் சளி அண்டாமல் இருக்கவேண்டும். போனில் பேசுவதை யாராவது கேட்பார்கள் என்று நைனா பயப்படுகிறார், அதனால்தான் இந்தக் காகிதம். சில்வியா அக்கா நாளைக்கு அங்கே தன் மகளிடம் வருகிறாள், அவள் கையில் இதையும் கொஞ்சம் இறால் ஊறுகாயும் கொடுத்தனுப்புகிறேன்.

எண்ணூர்க் கம்பெனி ஆற்றில் கழிவு விடுவதைப் பற்றி நீ காலேஜுக்காக எடுத்த படம் இங்கே எல்லோர் போனிலும் சுற்றுகிறது. அங்கே வால்வு திறக்கிற நெல்சன் பேசினான், முகம் காட்டப் பயந்தான். நீ அவன் குரலை மட்டும் வைத்துக்கொண்டு படத்துக்கு நைனாவின் கையைப் போட்டாய், இந்தக் கை எவ்வளவு அழகு பாரும்மா என்றாய். டீ கிளாஸை வைத்துவிட்டு மறுபடி எடு நைனா என்று நாலு தடவை சொன்னாய், அவரும் ஆறிப்போன டீயைப் பெரிய நடிகர் மாதிரி குடித்தார், நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன். பாதி விரல் போன அந்தக் கையை இந்தப் பேட்டையில் யாருக்குத் தெரியாது? போன வருஷம்வரை அதே கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக இருந்தவர் வேறு. நம் மூன்று பேர் புத்தியும் எங்கே போயிற்று?

போன வாரம் இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள், நான் கொடுத்த தண்ணீரையும் குடித்தார்கள். பெர்சு, படத்துல கை சோக்கா கீது, மிச்ச விரலையாச்சும் பத்திரமா வெச்சுக்கோ என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதிலிருந்து எதிர்க்கடை வாசலில் ஒரு பைக் நின்றுகொண்டே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்து, பார்க்கிறவர்களை ஏமாற்றக்கூடாது என்று வாத்தியார் சொல்கிறார், கை வேறு ஆளுடையது என்று கடைசியில் ஒரு வரி போடப்போகிறேன் என்றாயே, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உயிர் வந்தது. சீக்கிரம் போடுடி என்றேன். நைனா காதில் விழுந்ததும் மனுஷன் எகிறிவிட்டார். இன்னாமே பேசுற, அது நான் இல்லன்னா அடுத்து எவன் வூட்டுக்குப் போவானுங்க, நெல்சன் பொண்டாட்டி மாசமா கீறா, தெரியாதா உனக்கு என்று கத்தினார். நேற்று அவர்கள் மறுபடி வந்தபோது தானே வாசலுக்குப் போய், கையும் என்னுது, குரலும் என்னுது, போய் சொல்லிக்கோ என்றுவிட்டார். ஒருத்தன் சிரித்தான். நாளைக்கு எண்ணூருக்கு வா பெர்சு, பெரியவர் பேசணுமாம் என்றான்.

காலை ஏழு மணிக்குப் போனார். இப்போது மணி நாலு. அவர் போன் அடிக்கிறது, எடுக்கவில்லை. நெல்சன் வந்து, நானே போயி ஒத்துக்கறேங்க்கா என்று அழுதான். நான் அவனை வீட்டுக்குப் போகச் சொன்னேன், எந்த வாயால் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. உன் மேல் கோபம் கோபமாக வருகிறது ஜானட், உன்னை இப்போதே பார்க்கவேண்டும் போலவும் இருக்கிறது.

அந்த வரியைப் போடாதே. வாத்தியார் மார்க் குறைத்தால் குறைக்கட்டும். இதைப் படித்துவிட்டு இங்கே கிளம்பியும் வராதே. மாதா உன்னை முந்தானையில் மூடிக் காப்பாற்றட்டும், நேரத்துக்குச் சாப்பிடு, குல்லா போடாமல் வெளியே போகாதே. மறக்காமல் இதையும் செய், அன்றைக்கு எடுத்ததில் நைனாவின் முகம் தெரிகிற மாதிரி ஏதாவது இருந்தால் அழித்துவிடாதே, என்னிடம் இருப்பது கல்யாணப் போட்டோ ஒன்றுதான்.

உன் அம்மா
ஆலிஸ்