மூன்றாம் நிமிடத்து மேடு

மார்ச் 4

அன்புள்ள அண்ணா,

நலம். வேறு ஆய்வகத்துக்கு வேலை மாறிப் போய்விட்டீர்கள், பக்கத்தில் காலியாகிவிட்ட உங்கள் மேசையில் என் கோதுமை நாற்றுத் தட்டுகளைப் பரப்பிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உமித் தூசியில் ஓயாத தும்மல். ‘நூறு!’ என்று சொல்லத்தான் ஆளில்லை.

ஒரு நல்ல சேதி. மாலிக் அமிலம் சேரச் சேர, அதை உண்டாக்க உதவும் நொதி வேலையைக் குறைத்துவிடும் அல்லவா? இந்தப் புது ரகத்தில் குறைக்கவே இல்லை! அமிலத்தை ஊற்ற ஊற்ற, சொல்பேச்சு கேளாத பிள்ளைபோல ஓடிக்கொண்டே இருக்கிறது. வரைகோட்டை இணைத்திருக்கிறேன். முதலில் உங்களுக்குத்தான் காட்டுகிறேன். மூன்றாம் நிமிடத்தில் ஒரு மேடு தெரியும். அந்தக் கூத்தை அடுத்த கடிதத்தில் சொல்கிறேன், வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள்.

உங்கள் தங்கை

மார்ச் 20

அடி வாயாடி,

பிரமாதம்! யாரிடமும் வாய்விடாதே. நான் இங்கே சரிபார்த்துச் சொல்கிறேன், அதுவரை பொறு. அண்ணன் இருக்கும்போது உனக்கென்ன கவலை? உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

செப்டம்பர் 2

அண்ணா,

சொல்வீர்கள் சொல்வீர்கள் என்று இத்தனை மாதம் வாயைத் திறக்காமல் இருந்தேன். இன்று நூலகத்தில் புது ஆய்விதழைப் புரட்டினால் என் வரைகோடு, உங்கள் பெயர். நன்றி சொல்லும் இடத்தில்கூட நான் இல்லை. எதிரில் இருந்தவர், “என்னம்மா, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். என் முனைவர் பட்டத்துக்கு இருந்தது அது ஒன்றுதான். கூடப் பிறந்தவர்போல நம்பினேனே, எப்படி மனசு வந்தது உங்களுக்கு?

செப்டம்பர் 25

அன்புத் தங்கச்சி,

கோபத்தில் எதையாவது எழுதாதே. மேலே இருப்பவர்கள் அவசரப்படுத்திவிட்டார்கள். அடுத்த கட்டுரையில் உன் பெயர்தான் முதலில், சத்தியமாக.

ஒரு சின்ன உதவி. அந்த மூன்றாம் நிமிட மேட்டை வைத்துத்தான், நொதியை முடுக்கிவிட இரண்டாவது விசை ஒன்று இருக்கிறது என்று எழுதினேன். எல்லோரும் அதையே பேசுகிறார்கள். அடுத்த மாதம் பெரிய அரங்கில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் என்ன செய்தாலும் இங்கே மேடு வரமாட்டேன் என்கிறது. நீ எப்படி வரவழைத்தாய்? உடனே எழுது.

அண்ணன்

அக்டோபர் 6

ஐயா அவர்களுக்கு,

“என்ன மேடு அது?” என்று மார்ச்சிலேயே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அன்று உமித் தூசி மூக்கில் ஏறிவிட்டது. தும்மினேன். மேசை ஆடியது, கருவி ஆடியது, கோடு எகிறியது. உங்கள் இரண்டாவது விசை அவ்வளவுதான். இதையே இதழாசிரியருக்கும் எழுதி, மேடில்லாத என் மற்ற வரைகோடுகளையும் அனுப்பிவிட்டேன்.

முன்பெல்லாம் நான் தும்மினால், செய்வதை நிறுத்திவிட்டு ‘நூறு!’ என்பீர்கள். இந்தத் தும்மலுக்கு உங்கள் பெயரைப் போட்டுக்கொண்டீர்கள். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து மேசைக்காரி