அரிசிக்கு எழுதிய பெயர்கள்

ரந்தாவ் ரப்பர்த் தோட்டம், மலாயா
ஆடி, 1944

அன்புள்ள தங்கை பஞ்சாலைக்கு,

நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். நீயும் அம்மாவும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் தினமும் எழுந்திருக்கிறேன். கடல் தாண்டித் தபால் போவதில்லை. போகும் நாளுக்காக இதை எழுதி வைக்கிறேன்.

போன வாரம் ஒரு வேடிக்கை. சண்டையில் சேராத ஏதோ ஒரு நாடு, போரை நிறுத்துங்கள், அரிசியும் மலேரியாவுக்கான கொய்னா மருந்தும் ஏற்றிய கப்பலுக்கு வழி விடுங்கள் என்று இரு தரப்பையும் கேட்டிருக்கிறதாம். கடைக்காரர் அப்துல் ஜலீல் என் காதோடு சொன்னார். சாயங்காலத்துக்குள் கூலி வீட்டு லயத்து ஜனம் முழுக்க என் வாசலில் வரிசையாக நின்றது.

"பேரை எழுதுங்க கிராணி. கப்பல் வந்தப்புறம் எழுதுனா நமக்கு மிஞ்சாதுலா."

மயிலம்மாள் தன் பெயரோடு புருஷன் பெயரையும் சொன்னாள். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் அவனைப் பிடித்துக்கொண்டு போய் ஒரு வருஷமாகிறது. காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் ஆள் நிற்காவிட்டால் புத்தகத்தில் பெயரை அடிப்பது, கணக்கு எழுதும் கிராணியான என் வேலை. அவன் பெயரை அடித்ததும் நான்தான்.

"இது வேலைக்கு எழுதுற பேரு இல்லீங்களே, சோத்துக்குத்தானே?" என்றாள்.

எழுதினேன். பிறகு, நான் அடித்திருந்த மற்றப் பதினாறு பெயர்களையும் சேர்த்து எழுதினேன்.

அந்த நாட்டின் பேச்சை யாரும் கேட்கவில்லை. கப்பல் வரவில்லை. பட்டியல் என் பெட்டியில் இருக்கிறது.

தபால் திறந்ததும் கொஞ்சம் கொய்னாவும் ஒரு மூக்குக்கண்ணாடியும் அனுப்பு. பெரட்டுக்கு மணி அடிக்கிறார்கள், போக வேண்டும். அங்கேயும் அரிசிக்குப் பெயர் எழுத வந்தால், என் பெயரையும் சொல்.

அர்ச்சுனன்