ஒரு ‘நீ’

ஜூலை 8, செவ்வாய்
புனே சாங்விக்கு மகன் வீட்டோடு வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது, மழை விட்டபாடில்லை. இன்று காலை மருமகள் வைஷாலி அடுப்படியில் வந்து நின்று கேட்கிறாள்: “அம்மா, நீ டீ குடிக்கிறியா?”

நீயாம்! எங்கள் கோயமுத்தூரில் கைக்குழந்தையைக்கூட வாங்க, போங்க என்போம். மராத்திக்காரப் பெண், தமிழ் புதுசு, சரி. ஆனால் கீழ்வீட்டு மகாதேவன் சாரிடம் மட்டும் அத்தனை ‘நீங்க’ எங்கிருந்து வருகிறது? என்னைக் கண்டால்தான் இளக்காரம்.

ஜூலை 10, வியாழன்
ஹரீஷிடம் சொல்லிவிட்டேன். “ஏஞ்சாமி, உன்ற பொண்டாட்டிக்கு நான் அவ்வளவு மட்டமாப் போயிட்டனா?”

“ஐயோ அம்மா, நான் சொல்றேன், விடு” என்றான்.

ஜூலை 11, வெள்ளி
“நீங்க டீ குடிக்கிறீங்களா?” — ஜெயித்தாயிற்று.

ஜூலை 19, சனி
ஜெயித்து என்ன கண்டேன்? முன்பெல்லாம் ஹிஞ்சேவாடி ஆபீசிலிருந்து கேப் கொண்டுவந்து இறக்கிவிட்டதும், செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆபீஸ் கதையெல்லாம் கொட்டுவாள், பாதி தமிழ், பாதி ஹிந்தி. இப்போது ஒவ்வொரு சொல்லையும் யோசித்து யோசித்து எடுக்கிறாள். சாப்பிட்டீங்களா, படுத்துக்கோங்க — அவ்வளவுதான். லாட்ஜில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற மாதிரி இருக்கிறது. பேசாமல் ஊருக்கே போய்விடலாமா?

ஜூலை 27, ஞாயிறு
போனில் அவள் அம்மாவோடு சண்டை. “ஆயி, தூ ஐகத் நாஹீஸ்!” நீ சொன்னாக் கேக்கறதே இல்லை என்கிறாள். வாய்க்கு வாய் ‘தூ’, அதாவது நீ. பெற்றவளை இப்படியா என்று கேட்டேவிட்டேன். முழித்தாள்.

“எங்க வீட்ல அப்பாக்கு தும்ஹீ, அதான் ‘நீங்க’, மாமாக்கு தும்ஹீ. ஆயிக்கு மட்டும் தூ. தும்ஹீ சொன்னா, நான் கோபம்னு நினைச்சு ஆயி அழுவா.” அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, “ஹரீஷும் உங்கள ‘நீ’தானே சொல்றாரு. நானும்...” முடிக்கவில்லை.

கடவுளே! பெற்றவளுக்கு மட்டும் என்று வைத்திருந்ததை எனக்கும் கொடுத்திருக்கிறாள். நான்தான் வேண்டாம் என்று தள்ளியிருக்கிறேன். இனிமேல் ‘நீ’ என்றே சொல்லு கண்ணு என்றேன்.

“இல்லம்மா, ‘நீங்க’தான் கரெக்ட்” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கெஞ்சி வாங்குகிற சாமானா அது?

ஆகஸ்ட் 6, புதன்
காய்ச்சல். ஹரீஷ் சாகண் ஃபேக்டரிக்குப் போய்விட்டான். மத்தியானம் ஆபீசிலிருந்து வைஷாலி போன். “அம்மா, மாத்திரை போட்டீங்களா?”

தூக்கக் கலக்கம், எனக்கு உடனே பதில் வரவில்லை. போடவில்லை என்றே முடிவு கட்டிவிட்டாள். “போடலையா? காலைல கைல குடுத்துட்டு வந்தேன்ல? சொன்னா கேக்க மாட்டியா நீ? பைத்தியமா நீ?”

மாத்திரை அப்போதே போட்டாயிற்று. சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்று போனைக் காதோடு வைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.