மூன்றாம் செமஸ்டரின் கட்டாயப் பாடம்

என் சின்னக்குட்டிக்கு,

"உங்க டிபார்ட்மென்ட்லயே எம்.எஸ்சி. ஐ.டி. சேரட்டுமாப்பா?" என்று கேட்டிருந்தாய். எங்கள் புதிய பாடத்திட்டம் எப்படிப் பிறந்தது என்று சொல்கிறேன். நீயே முடிவு செய்.

எட்டுப் பேராசிரியர்கள், ஒரு தட்டு பிஸ்கட். மாணவர்களுக்கு எது தேவை என்று ஒருவரும் கேட்கவில்லை. யாரிடம் எதற்கு நோட்ஸ் தயாராக இருக்கிறதோ, அதுவே கட்டாயப் பாடம். லேப் தேர்வு கிடையாது. "கரன்ட் போனா யாரு பதில் சொல்றது? புரோகிராமைப் பேப்பர்லயே எழுதட்டும்" என்றார் துறைத்தலைவர். பேனாவால் எழுதிய புரோகிராம் எந்த ஊரில் ஓடும்?

புதிதாகச் சேர்ந்த ஆசிரியை மட்டும் வாய் திறந்தாள். "மூணாம் செமஸ்டர்ல இருக்கிற இந்தப் பாடத்தை இப்ப வெளியில யாரும் சீந்துறதில்ல சார். எடுத்துட்டு, கணினிப் பாதுகாப்பை வைக்கலாமே?"

அந்தப் பாடத்தை நடத்தும் கிழம் மேசையைத் தட்டியது. "அஸ்திவாரத்துலயே கை வைக்கிறீங்களாம்மா?"

அது வைத்திருக்கும் நோட்ஸ் உன்னைவிட ஒரு வயது மூத்தது. மற்ற ஆறு தலைகளும் பொம்மை போல் ஆடின. அந்தப் பெண் பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

இங்கே வராதே. வேறொரு பல்கலைக்கழகத்தின் விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அதற்கு வேண்டிய உன் பிறப்புச் சான்றிதழும் உள்ளே இருக்கிறது. ஓரமெல்லாம் பழுத்துப்போயிருக்கிறதே என்று அம்மாவிடம் புலம்பாதே. இத்தனை வருடமும் அதை அந்த நோட்ஸுக்கு நடுவில்தான் பத்திரமாக வைத்திருந்தேன்.

உன் அப்பா